திங்கட்கிழமை மாத்திரை

"உங்களுக்காம்மா ஸ்கேன்?" என்று சீட்டு வாங்குகிறவள் ஒத்தக்கையின் பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்கில்ல. இவருக்கு."

சீட்டு வாங்குகிறவள் கதவுக்கு மேலே தொங்கிய பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். மகளிர் எலும்புப் பிரிவு. பிறகு அவனைப் பார்த்தாள். "ஆம்பளைக்கா?"

"ஏன், ஆம்பளைய ரப்பர்லயா செஞ்சிருக்கு?" என்றான் ஒத்தக்கை.

பெண்டாட்டி முழங்கையால் இடித்தாள். "சண்டை போடவா வந்தோம்? மெதுவா."

மெதுவாகப் பேசுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. சிமெண்ட் கோடவுனில் முப்பத்தோரு வருஷமாகச் சுமை தூக்குகிறவன். ஐம்பது கிலோ மூட்டையை ஒரே கையால் புரட்டித் தோளில் போட்டதைப் பார்த்து எவனோ வைத்த பேர்தான் ஒத்தக்கை. அப்பேர்ப்பட்டவனுக்குப் போன வருஷம் ஒரு தும்மலில் விலா எலும்பு முறிந்தது. மூட்டை விழுந்தது, பலகை சரிந்தது என்றால் வெளியே சொல்லிக்கொள்ள ஒரு மரியாதை இருக்கும். தும்மல்!

எலும்பு உள்ளே அரித்துப் போயிருக்கிறது என்றார் டாக்டரம்மா. சிமெண்ட் தூசியால் வந்த இளைப்புக்கு, யாரையும் கேட்காமல் மருந்துக்கடையில் வருஷக்கணக்காக வாங்கி முழுங்கினானே, அந்த மாத்திரை செய்த வேலை. எலும்பைக் காப்பாற்ற வேறொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒன்று. திங்கட்கிழமை.

இப்போது இரண்டாவது ஸ்கேன். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"போன வருஷத்தைவிட மோசமா இருக்கே. மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்கதானே?"

பெண்டாட்டி முந்திக்கொண்டாள். "வாரம் தவறாம டாக்டர். விடிகாலை நாலு மணிக்கே வேலைக்கு வண்டி வந்துடும். நானே பிரிச்சு, காகிதத்துல மடிச்சு, தண்ணி பாட்டிலோட குடுத்து விடுவேன். 'வண்டியில போட்டாச்சா'ன்னு சாயங்காலம் மறக்காம கேட்பேன்."

"அப்ப மாத்திரை இவருக்கு வேலை செய்யல. இனி ஊசிதான். தினமும் வயித்துல போட்டுக்கணும். ஒரு நாள் விடாம ரெண்டு வருஷம்."

"குத்துறத எனக்குக் காட்டிக் குடுங்க. நான் போட்டு விடுறேன்" என்றாள் அவள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற கை. சுட்ட தழும்பு மணிக்கட்டுவரை வரிவரியாக ஓடியது. அந்தக் கை இனி இரண்டு வருஷம் தன் வயிற்றைத் தினமும் பிடிக்கப் போகிறது என்று நினைத்ததும் ஒத்தக்கை டாக்டரம்மாவின் சீட்டைக் கையால் மறைத்தான்.

"எழுதாதீங்க" என்றான். "மாத்திரை மேல தப்பில்ல. நான் முழுங்கல."

பெண்டாட்டி அவன் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை?" என்றாள் பெண்டாட்டி.

"மொத மூணு முழுங்கினேன்."

"மிச்சம்?"

"கோடவுன்ல லாரி எடை போடுற மேடைக்குப் பின்னாடி விட்டெறிஞ்சேன்."

"அடப்பாவி! ஒரு வருஷமா என்னைக் கிறுக்கியாக்கி வெச்சிருக்கியே!" இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அவனை ஒருமையில் கூப்பிட்டாள்.

நடந்தது இதுதான். வண்டியில் பன்னிரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். அங்கே மாத்திரையைப் பிரித்தால் என்ன ஏது என்று நோண்டுவார்கள். பொம்பளைங்க மாத்திரை என்று தெரிந்தால் ஓய்வு பெறும்வரை கிண்டல் பண்ணியே ஓட்டுவார்கள். கோடவுன் வாசலில் அந்தத் தொல்லை இல்லை. ஆளாளுக்கு அங்கே வலி மாத்திரையை வாயில் போட்டு, ஒரு மடக்கு டீயில் இறக்கிவிட்டு, நேரே மூட்டைக்குக் குனிவார்கள். அவனும் அதையே செய்தான். மூன்றாவது வாரம் நெஞ்சுக்குள் தணலை முழுங்கினது மாதிரி எரிந்தது. இரண்டு நாள் எச்சில்கூட இறங்கவில்லை. விஷத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டான்.

"வெறும் வயித்துல, ஒரு டம்ளர் வெறும் தண்ணியில போடணும், அரை மணி நேரம் குனியக் கூடாது, படுக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" டாக்டரம்மாவுக்கும் கோபம் ஏறிவிட்டது. "டீயோட சாப்பிட்டு, உடனே குனிஞ்சா தொண்டைக்குழாய் புண்ணாகாம என்ன ஆகும்?"

"சொன்னீங்க. கம்ப்யூட்டரப் பார்த்துச் சொன்னீங்க. என் மூஞ்சியப் பார்த்து, நீ என்ன வேலை செய்றேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீங்க சொல்லியிருக்கலாமே."

"இதோ, என் காதைப் பாருங்க. காலையில குளிச்சுட்டுத்தான் வந்தேன். உள்ள இருக்கிற சிமெண்ட் போயிருக்கா? இதைவிட எப்படிச் சொல்றது?"

டாக்டரம்மா நிமிர்ந்து அவன் காதைப் பார்த்தார். பேனாவை மேஜையில் வைத்தார். "நரம்புல ஏத்துற மருந்து ஒண்ணு இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை. மருந்து ஏறக் கால் மணி நேரம் ஆகும். முன்னாடி சிறுநீரகத்துக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் ரத்தம் பார்க்கணும், பல்லைக் காட்டணும். ரெண்டு மூணு நாள் காய்ச்சல் அடிக்கும். உங்க தொண்டைக்கு இதுதான் சரி."

"இது போன வருஷமும் இருந்துச்சா?"

"இருந்துச்சு. பொதுவா மாத்திரையிலதான் ஆரம்பிப்போம்."

"பொதுவான்னா யாருக்கு?" என்றான் ஒத்தக்கை.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். மருந்து ஏற்றினாலும் மூட்டை தூக்கக் கூடாது, தூக்கினால் அடுத்தது முதுகெலும்புதான் என்று மட்டும் அழுத்திச் சொன்னார்.

படியிறங்கும்போது பெண்டாட்டி முன்னால் போனாள். கடைசிப் படியில் சட்டென்று திரும்பினாள்.

"யாருக்குப் பயந்து இதைச் செஞ்சீங்க?"

"பசங்க சிரிப்பாங்கன்னு..."

"சிரிச்சா எலும்பு உடையுமா? சிரிக்காமலேதான் உடையுதே! அவனுங்க முன்னாடி வாயத் திறந்து சொல்லணும். இல்லேன்னா அடுத்த வருஷ மருந்துக்கு நீங்க தனியாத்தான் வரணும்."

ரத்தம், பல் எல்லாம் பார்த்து, பத்து நாள் கழித்து மருந்து ஏறியது. சொன்ன மாதிரியே காய்ச்சல், அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி. நாலாவது நாள் கோடவுன் வாசலில் போய் நின்றான்.

"எங்கடா தொலைஞ்ச ரெண்டு வாரமா?" என்றார் மேஸ்திரி.

"எலும்பு அரிச்சுப்போச்சு. மருந்து ஏத்திட்டு வந்தேன். பொம்பளைங்க வார்டுல."

வாசலே சிரிப்பில் குலுங்கியது. கூட்டத்தில் அதிகம் மூச்சு இளைக்கிறவன் கொக்கி என்கிற சின்னவன்; அவன்தான் முதலில் கேட்டான். "சுகப்பிரசவமா அண்ணே? என்ன குழந்தை?"

ஒத்தக்கை அவன் சட்டைப்பையில் கைவிட்டு இளைப்பு மாத்திரை அட்டையை உருவினான். "எத்தனை வருஷமாடா இதை முழுங்குற?"

"அது ஆச்சு... ஆறு, ஏழு."

"நானும் இதையேதான் முழுங்கினேன். தும்மினேன், விலா முறிஞ்சுது. நீ சிரி. ஆனா பார்த்துச் சிரி." அட்டையை அவன் கையில் திணித்தான். "இதைப் பட்டுன்னு நிறுத்திடாதே, அதுவும் ஆபத்தாம். டாக்டர்கிட்ட போ. போனதும் என்ன வேலை செய்றேன்னு நீயே கத்திச் சொல்லு. அவங்க கேட்க மாட்டாங்க."

கொக்கி சிரிப்பைப் பாதியில் விட்டான்.

"பிரசங்கம் போதும், லாரி நிக்குது" என்றார் மேஸ்திரி.

"நான் இனி மூட்டைக்குக் குனிய மாட்டேன்."

"அப்ப வீட்டுக்குப் போ."

ஒத்தக்கை வீட்டுக்குப் போகவில்லை. கோடவுன் மூலைக்குப் போனான். மூட்டை ஏற்றுகிற பெல்ட் மெஷின் தார்ப்பாய்க்குள் எட்டு வருஷமாகக் கிடந்தது. அதை ஓட்ட ஒரு ஆளைத் தனியாக நிறுத்த வேண்டும், ஆள் முதுகு என்றால் சும்மா கிடைக்கிறது என்று முதலாளி மூடிப் போட்டது. தார்ப்பாயைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். தூசி புகையாக எழும்பியது.

"டேய், அதைத் தொடாதே!"

"தொட்டாச்சு. இனி மூட்டைய இது ஏத்தும், நான் ஓட்டுறேன்" என்றான் ஒத்தக்கை. தூசி மூக்கில் ஏறித் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. விலாவை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு தும்மினான்.

எவனும் சிரிக்கவில்லை. கொக்கி வந்து தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தான்.