டிக் அடிக்காத கட்டம்

எனக்குக் கோவம் ஜாஸ்தி. மாதனூர்ல எங்க தெருவுக்கே தெரியும். இந்தக் கதையில பாதி அந்தக் கோவத்தால வந்ததுதான், அதனால முதல்லயே சொல்லிடுறேன்.

ஆம்பூர் பக்கத்துல ஒரு ஷூ கம்பெனி. அங்க கம்ப்யூட்டர் வேலை எல்லாமே என் தலையிலதான். மூணு சர்வர் பொட்டி ஒண்ணா சேர்ந்து ஓடும். அதுக்குள்ள பதினோரு கம்ப்யூட்டர். கையால தொட முடியாது, விர்ச்சுவல் மெஷின்னு பேரு. வருகைப்பதிவுக்கு ஒண்ணு, ஸ்டோருக்கு ஒண்ணு, ஷூ மாடல் வரையிற பேட்டர்ன் ரூமுக்கு ஒண்ணு, இப்படி. எல்லாத்துக்கும் தினமும் வேற ஒரு பொட்டியில பேக்கப் ஆகும். காலையில வந்து வரிசையா பச்சை டிக்கைப் பார்த்துட்டுதான் டீ குடிப்பேன்.

அந்த பேக்கப்பை மாசம் ஒரு தடவை திருப்பிப் போட்டுச் சோதிச்சு, ரிஜிஸ்டர்ல எழுதணும். ஆடிட்டுக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்க கேப்பாங்க. நாங்க எழுதுற அழகு இருக்கே! ஆடிட்டுக்கு முந்தின நாள் ஒக்காந்து, ஆறு மாசத்தையும் ஒரே மூச்சுல, பேனாவை மட்டும் மாத்தி மாத்தி எழுதுவோம். ஃபயர் டிரில்லுக்கும் அப்படிதான், முதலுதவிப் பெட்டிக்கும் அப்படிதான். 'சோதித்தேன், சரியாக உள்ளது'ன்னு என் கையெழுத்து அதுல பதினெட்டு இடத்துல இருக்குது. ஒரு தடவைகூட நான் சோதிச்சதில்ல.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்பெனியில பூஜை. நான் சர்வரை ஒழுங்கா நிறுத்திட்டு, பொரி கட்டுற இடத்துக்குப் போய்ட்டேன். மெயின்டெனன்ஸ் சூரியபிரகாஷ் அண்ணன் பக்தி முத்திப்போய், மூணு பொட்டியிலயும் இருந்த டிஸ்க்கையெல்லாம் உருவி, துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, கைக்கு வந்தபடி சொருகி வெச்சிருக்காரு. எது எங்கருந்து வந்துச்சுன்னு அவருக்கு இன்னா தெரியும்?

ரெண்டு நாள் லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழமை ஆன் பண்ணேன். டிஸ்க் இடம் மாறியிருக்குது, அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கவான்னு கேட்டுச்சு. கொஞ்சம் நிதானமா இருந்து, டிஸ்க்கை அதது இடத்துல போட்டிருந்தா எல்லாம் பொழைச்சிருக்கும். அண்ணனைக் கண்டபடி திட்டிக்கிட்டே, பேக்கப்தான் இருக்குதேன்னு மூணுலயும் 'ஆமாம்' தட்டிட்டேன்.

மத்தியானத்துக்குள்ள ஒவ்வொண்ணா பேக்கப்லருந்து உயிரோட வந்துச்சு. எனக்குத் திமிரே வந்துடுச்சு. மேனேஜர் சமீருல்லா சார்கூட ஜும்மா தொழுகைக்குப் போற வழியில எட்டிப் பார்த்து, பரவாயில்லயேன்னுட்டுப் போனாரு.

அப்பதான் பேட்டர்ன் ரூம் பூங்குழலி அக்கா வந்தாங்க. பத்து வருஷமா அடுத்தவங்க வரைஞ்சதை வெட்டிக் கொடுத்தவங்க. முதல் தடவையா அவங்களே வரைஞ்சது ஆறு மாடல், குழந்தைங்க ஷூ. திங்கக்கிழமை மூணு மணிக்கு அந்த ஃபைலெல்லாம் இத்தாலிக்குப் போகணும். அங்க புடிச்சுதுன்னா அந்த ரூமுக்கு அக்காதான் ஹெட். இல்லன்னா சென்னையிலருந்து ஒரு ஆளைக் கொண்டாந்து ஒக்கார வெப்பாங்க.

அவங்க மெஷின் நல்லா தொறந்துச்சு. பழைய ஃபைல் எல்லாம் இருந்துச்சு. குழந்தைங்க ஷூ மட்டும் ஒண்ணுகூட இல்ல.

மூணு வாரத்துக்கு முன்ன, இடம் பத்தலன்னு அக்கா கேட்டப்ப அந்த மெஷினுக்கு இன்னொரு டிஸ்க் சேர்த்துக் கொடுத்தேன். குழந்தைங்க ஷூ ஃபைலெல்லாம் அதுலதான். அதையும் பேக்கப்ல சேர்க்கச் சொல்லி ஒரு கட்டத்துல டிக் அடிக்கணும். அடிக்கல. பழைய டிஸ்க்கை மட்டும் எடுத்துட்டு அது பாட்டுக்குத் தினமும் பச்சை காட்டியிருக்குது. ஒரே ஒரு தடவை நெசமா சோதிச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.

சூரியபிரகாஷ் அண்ணன் தலையில கட்டிடலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. வாய் வரைக்கும் வந்துச்சு. அக்கா மூஞ்சியைப் பார்த்துட்டு சொல்ல முடியல.

"என் தப்புதான்கா. நான் ஒரு தடவைகூட சோதிச்சதில்ல. போட்ட கையெழுத்து எல்லாம் பொய்."

அழுவாங்கன்னு நெனச்சேன். எழுந்து போய், சாம்பிளுக்குத் தெச்சு வெச்சிருந்த ஆறு ஷூவையும் கொண்டாந்து மேஜையில போட்டு, என் கையில ஒரு பிளேடைக் கொடுத்தாங்க. தையலைப் பிரின்னாங்க. அவங்க பார்த்துப் பார்த்துத் தெச்சு வாங்கின ஷூ அது.

சமீருல்லா சார்கிட்ட நானே போய் எல்லாத்தையும் சொன்னேன். அரை மணி நேரம் திட்டினாரு, ஆனா ஞாயித்துக்கிழமை அவரே வந்து ரூமைத் தொறந்துவிட்டாரு. நானும் சூரியபிரகாஷ் அண்ணனும் தையல் பிரிச்சு, தோல் துண்டையெல்லாம் தட்டையாக்கி வெப்போம். அக்கா அதோட ஓரத்தைப் புள்ளி புள்ளியா கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க. நாலாவது மாடல் குதிகால்ல உரசும்னு அவங்களுக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். பிரிச்சுப் பார்த்ததுல காரணம் தெரிஞ்சு, ரெண்டு மில்லிமீட்டர் கம்மி பண்ணாங்க. அப்ப சிரிச்சாங்க பாருங்க, மூணு நாள்ல அதுதான் முதல் சிரிப்பு.

திங்கக்கிழமை ஒன்றரை மணிக்கு ஆறும் ரெடி. ரெண்டு டிஸ்க்கையும் சேர்த்து பேக்கப் எடுத்துட்டேன், அனுப்பிடலாம்கான்னேன். அக்கா மெயில் பக்கமே போகல.

"எடுத்தது இருக்கட்டும். திருப்பிக் கொண்டாந்து காட்டு."

அதுக்கு ஒரு மணி நேரம் ஆகும், மூணுக்கு அனுப்பணுமேன்னேன். ஆகட்டும்னு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்துல ஒக்காந்துட்டாங்க. தனியா ஒரு புது மெஷின்ல திருப்பி எடுத்தேன். ரெண்டே முக்காலுக்குத் தொறந்துச்சு. அக்கா ஆறையும் தொறந்து பார்த்து, நாலாவதுல குதிகாலை அளந்துட்டு, அப்புறம்தான் மெயிலை அனுப்பினாங்க.

வியாழக்கிழமை பதில் வந்துச்சு. ஆறுல நாலை எடுத்துக்கிட்டாங்க. ஹெட் சேர்ல ஒக்காந்ததும் அக்கா போட்ட முதல் உத்தரவு எனக்குதான்: மாசாமாசம் முதல் சனிக்கிழமை, அவங்க கண்ணு முன்னாடி அந்த மெஷினைத் திருப்பி எடுத்துக் காட்டணும். நேத்து ரெண்டாவது தடவை. காலையில டீகூட குடிக்காம ஒக்காந்து திருப்பி எடுத்தேன். ஃபைல் தொறந்துச்சு. அக்கா ஒவ்வொண்ணா பார்த்து முடிச்சுட்டு, "சரி மேகலா, போய் டீ குடி"ன்னாங்க.