சனிக்கிழமை சண்டை

வேலைக்குப் போன பிறகும் தமிழரசி அடிக்கடி நினைத்துக்கொள்வது ஔந்த் பகுதியில் தான் படித்த பள்ளியின் சனிக்கிழமை ஆங்கில வகுப்பைத்தான். நன்றாகப் படிப்பவர்களுக்கான தனி வகுப்பு அது. கதையைப் படித்து முடித்ததும், அதைப் பற்றி யார் வேண்டுமானாலும் தன்னோடு வாதாடிச் சண்டை போடலாம் என்பார் ரமா டீச்சர்.

அப்பா பரமசிவத்துக்கு முதலில் அந்த வகுப்பில் நம்பிக்கையில்லை. "லீவு நாள்ல என்ன ஸ்கூலு? நானே வந்து பாக்குறேன்" என்று வீடு இருந்த கட்கியிலிருந்து பஸ் ஏறி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பிடிக்காவிட்டால் அன்றோடு நிறுத்திவிடுவார். தமிழரசி பயந்துகொண்டேதான் பேச எழுந்தாள். பேசப் பேசப் பயம் போயிற்று. கதையைப் பற்றி டீச்சர் சொன்னது தப்பு என்றாள். டீச்சர் சிரித்தபடி தோற்றுவிட்டதாகக் கையைத் தூக்கினார்.

திரும்பும்போது அப்பா, "டீச்சரையே எதுத்துப் பேசுற, அந்தம்மா சிரிக்குது! ஃபேக்டரில நான் இப்படிப் பேசியிருந்தா கேட்டுக்கு வெளிய தள்ளியிருப்பாங்க" என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "அடுத்த வாரமும் போ. நல்லா சண்ட போடு" என்றார்.