பெயருக்கு முன்னால் சாப்பாடு

கிளெய்தோன் தின்பதைப் பார்க்கப் பார்க்கத் தைமாசுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பன்றித் தொடையை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்து இழுக்கிறான். கொழுப்பு தாடியில் வழிகிறது. எலும்பை உறிஞ்சுகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்கிறது. சீ, இவனெல்லாம் ஒரு வீரன்!

போர் முடிந்து ஊர் திரும்பும் கப்பலுக்கு அவன் தலைவன். தைமாஸ் சுக்கான் பிடிப்பவன். மாவு தீர்ந்துபோய் இந்தத் தீவில் ஒதுங்கினார்கள். ஆடு மேய்க்கிறவன் ஒருவன் மேட்டு வீட்டைக் காட்டி, அது எவ்பாதஸின் வீடு என்றதும் கிளெய்தோன் சிரித்துவிட்டான். எவ்பாதஸின் ஒரே மகன் நிலோன் எதிர்ப்படையில் இருந்தவன். உயிர்ப்பிச்சை கேட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டவனை இந்தக் கிளெய்தோன்தான் குத்திக் கொன்றான். தைமாஸ் பக்கத்தில் நின்று பார்த்தான்.

“வேற வீடு பாப்போம்ணே,” என்றான் தைமாஸ்.

“போடா பைத்தியக்காரா. சாப்பாடு போடாம பேரு கேக்க மாட்டாங்க. ஒரு வாய் உள்ள போயிட்டா நாம விருந்தாளி. அப்புறம் கிழவன் கை வச்சா விருந்தாளியக் காக்குற சியூஸ் சாமி சும்மா விடுவாரா? மூக்கு முட்டத் தின்னுட்டு, பேரச் சொல்லிட்டு, பரிசும் வாங்கிட்டு வருவோம்.”

தைமாஸ் ஊரைவிட்டுக் கிளம்பும்போது மனைவி முழுகாமல் இருந்தாள். பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. இன்னொரு நல்ல காற்று அடித்தால் வீடு. அதனால் வாயை மூடிக்கொண்டு பின்னால் வந்தான். ஆனால் அந்தத் தகப்பன் வீட்டு ரொட்டியைத் தொட மட்டும் அவனுக்கு மனம் வரவில்லை.

“சாப்பிடுப்பா, ஏன் பாத்துக்கிட்டே இருக்கே?” என்றாள் எவ்பாதஸின் மனைவி ஃபைனோ.

“வயிறு சரியில்லம்மா.” பசி வயிற்றைக் கிள்ளியும் தட்டைத் தள்ளி வைத்தான்.

கிளெய்தோன் ஒருவழியாக எலும்பைக் கீழே போட்டான். இறைச்சி அறுத்துக்கொண்டிருந்த எவ்பாதஸ் ஆசையாகக் கேட்டார்: “இப்பச் சொல்லுங்க தம்பி, யாரு நீங்க? போர்ல எம்மவன் நிலோனப் பாத்தீங்களா?”

கிளெய்தோன் ஏப்பம் விட்டான். “பாத்தேன் பெரியவரே. நான் கிளெய்தோன். அவனக் கொன்னது நான்தான்.”

ஃபைனோவின் கையிலிருந்த குடம் விழுந்து உடைந்தது. எவ்பாதஸ் கத்தியோடு எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“எஞ்சாப்பாடு உன் வயித்துல கெடக்கு. உன்ன நான் ஒண்ணும் பண்ண முடியாது.” அவர் பார்வை தைமாசின் தட்டுக்குப் போனது. “இவன் சாப்பிடல.”

“ஆமா, அவன் தொடவே இல்ல,” என்று எடுத்துக் கொடுத்தான் அந்தப் பாவி. “அவன வச்சுக்கிட்டுப் பழியத் தீத்துக்கங்க.”

கத்தி தைமாசின் கழுத்துக்கு வந்தது. அதற்குள் ஃபைனோ குறுக்கே விழுந்து ரொட்டியை அவன் வாயில் திணித்தாள்.

“தின்னு! இவரு கையில ரத்தம் வேணாம். தின்னுத் தொலைடா!”

முகம் தெரியாத அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டு கடித்தான். விழுங்கினான். எவ்பாதஸ் கத்தியை எறிந்துவிட்டுச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார்.

வாந்தி வரும் என்றுதான் தைமாஸ் நினைத்தான். வரவில்லை. ரொட்டி ருசியாக இருந்தது. சீ என்று தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. ஆனால் கை தானாகப் பாலாடைக்கட்டிக்கு நீண்டது.

“அப்படிச் சாப்பிடுடா, வெக்கப்படாத,” என்றான் கிளெய்தோன்.

ஃபைனோ அழுதுகொண்டே மறுபடி பரிமாறினாள். தைமாஸ் போதும் என்று சொல்லவில்லை.