சுக்கானுக்கு ஒரு நீட்டுகோல்

இளவெயில் நீர்ப்பரப்பெங்கும் பொன்தூளாய்ப் பரந்து, படகுத்துறையின் மரப்படிகளில் இரவு தேங்கிய ஈரத்தை உலர்த்த, இளங்காற்று கட்டுண்ட படகுகளின் பாய்மரங்களை மெல்ல அசைத்துக்கொண்டிருந்த அந்தக் காலைப்பொழுதை, சொற்சுவை அறிந்த அன்பரே, சற்றே நின்று பாருங்கள். ஏனைய படகுகள் ஓடத் துடிக்க, துறையின் கோடியில் கிடந்த சிறு பாய்மரப் படகின் முகப்பில் மட்டும், நீண்ட கம்பொன்றில் 'விற்பனைக்கு' என்னும் பலகை நின்றது. வாங்க விரும்பியவர் நண்பகலில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

அப்படகுக்கு உரியவள் பாய் தைப்பவள். இருபது ஆண்டுகள் அதைத் தானே செலுத்தியவள், சென்ற மழைக்காலத்தில் படியில் வழுக்கி விழுந்து வலத்தோளைக் கெடுத்துக்கொண்டாள். காற்றில் சாயும் படகை நிமிர்த்த உயர்ந்த விளிம்பில் அமர்ந்து, கையைப் பின்னே நீட்டிச் சுக்கானின் பிடியைப் பற்றும்போதெல்லாம் தோள் அவளை அழவைத்தது. கடலை விட்டால் தனக்கு எஞ்சுவது ஊசியும் நூலும் பிறர் பாய்களுமே என்று எண்ணி, உண்ட வாயும் கழுவாமல் அவள் சாளரத்தருகே நிற்பதைக் கணவர் பலநாள் கண்டு மனம் நொந்தார்.

அவர் கதவு செய்யும் தச்சர், நீந்தவும் அறியாதவர். பிடியின் நுனியில் நீண்ட கோலொன்றை இணைத்தால், அவள் முழங்கை விலாவை விட்டு அகலாமலே படகைத் திருப்பலாம் என்று கண்டு, நான்கு நாள் கமுக்கமாக இழைத்த கோலை அன்று கொண்டுவந்து பொருத்தினார். கதவுக்காரர் அல்லவா? இணைப்புக்குப் பித்தளைக் கீலொன்றை முடுக்கி, கரையிலேயே பத்துமுறை அசைத்துப் பார்த்துப் பெருமையும் கொண்டார்.

இருவரையும் ஏற்றிக்கொண்டு துறையை விட்டு அகன்று, காற்றுப் பிடித்துப் படகு சாய்ந்ததும், அவள் உயர்ந்த விளிம்பில் அமர்ந்து கோலைத் தன்பால் தூக்கினாள். பக்கவாட்டில் மட்டுமே மடங்கத் தெரிந்த கீல், மேல்நோக்கி வர மறுத்து முறுகி, கோலின் நுனியைப் பிளந்துவிட்டது.

"படகுக்குக் கதவு மாட்டியிருக்கீங்க," என்றாள் அவள். "நல்லாத் திறக்குது, மூடுது. தூக்கினாத்தான் வரமாட்டேங்குது."

"எனக்குத் தெரிஞ்ச வேலையைத்தானே நான் செய்ய முடியும்," என்றார் அவர். முகம் வாடியிருந்தது.

அந்த முகத்தைக் கண்டதும் அவள் கேலி அடங்கியது. "எல்லாப் பக்கமும் வளையணும். அதுக்குக் கயிறுதான் சரி. அது என் வேலை. நீங்க வேற கம்பு பாருங்க."

கரைக்குத் திரும்பினர். கோலுக்கு வேறு மரம் தேடித் துறையெல்லாம் சுற்றிய தச்சர், இறுதியில் தம் படகின் முகப்பையே நோக்கினார். பலகையைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பை உருவினார். அவர் கம்பின் நுனியிலும் பிடியின் நுனியிலும் துளையிட, அவள் பாய்க்கயிற்றை இரண்டிலும் கோத்து, இடைவெளி சிறிதும் விடாமல் இறுக முடிந்தாள்.

மீண்டும் காற்றில் படகு சாய்ந்தது. கம்பு அவள் மடிக்கு வந்தது. விரல்கள் அசைய, படகு திரும்பியது. தோள் வாய் திறக்கவில்லை. அவள் அழுதாள், இம்முறை வலியால் அன்று.

நண்பகலில் கரை சேர்ந்தபோது வாங்க வந்தவர் விழித்துக்கொண்டு நின்றார். "பலகை வச்ச படகுன்னு சொன்னாங்க. பலகையைக் காணோமேங்க?"

"கம்பு வேலைக்குப் போயிடுச்சுங்க," என்றாள் அவள். "வீணா அலைய வச்சிட்டேன், மன்னிச்சுக்கோங்க. படகு விக்கிறதுக்கு இல்லை."

கீல் மறுநாளே தனக்குரிய கதவொன்றில் அமர்ந்தது. இனி இல்லை என்று நாம் கைகழுவுபவற்றுள் சில, கைக்கு ஒரு முழமே எட்டாமல் நிற்கின்றன. அம்முழத்தைத் தவறாகவேனும் அளந்து பார்க்க அருகில் ஒருவர் இருக்கப் பெற்றோர், மீண்டும் கடல் காண்பர்.