மார்க்கெட்டுக்குப் போயிருக்கா

வக்கீல் அமீராவின் அலுவலகம் சந்தர் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துதான் நான் சொன்ன பொய்யை அச்சில் பார்த்தேன். அரசாங்கத் தரப்புப் பத்திரத்தில், பதினான்காவது பத்தியாகப் போட்டிருந்தார்கள்.

என் பெயர் கமலம். சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு தொடக்கப்பள்ளி கேண்டீனில் பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். மகன் திலீப் பஸ் ஓட்டுகிறான். போன வருடம் வைகாசியில் அவனுக்கும் மன்னார்குடிப் பெண் தர்ஷினிக்கும் கல்யாணம் ஆனது. அவள் இங்கே எங்களோடு தங்க நீண்டகால பாஸ் கேட்டு மனுப் போட்டோம். நான்கு மாதம் இழுத்தடித்து, வருந்துகிறோம், தர இயலாது என்று இரண்டு வரி அனுப்பினார்கள். காரணம் கிடையாது. முறையீடு செய்தோம். அதே இரண்டு வரி. பெண் அழுதுகொண்டே ஊருக்கு விமானம் ஏறினாள்.

கடையில் ஒரு பிள்ளை நூடல்ஸ் சரியில்லை என்றால்கூட, ஏன் என்று நான் பதில் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டு, ஏன் என்று சொல்ல இவர்களுக்கு வாய் வராதாம். அரசாங்கத்தின் மேல் யாராவது கேஸ் போடுவார்களா, விடும்மா என்று திலீப் சொன்னான். நான்தான் அவனை அமீராவிடம் இழுத்துக்கொண்டு போனேன். கேஸ் போட்டால் அவர்கள் காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அவள் சொன்னது எனக்கு இனித்தது.

சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த அதிகாரி சுரேந்தர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்ததை அமீரா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். ஜூலை இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் திடீர்ச் சோதனைக்குப் போனார்கள். வீட்டில் மனைவியின் துணி இல்லை, செருப்பு இல்லை, பல் தேய்க்கும் பிரஷ்கூட இல்லை. அவள் மார்க்கெட்டுக்குப் போயிருப்பதாகக் கணவனின் தாயார் சொன்னார். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தும் அவள் வரவில்லை. பிறகு நடந்த விசாரணையில் அந்தப் பெண், பத்து நாளாகவே மார்சிலிங்கில் சித்தி வீட்டில் இருந்ததாகவும், அது ஆடி மாத வழக்கம் என்றும் சொன்னாள். இரண்டு பேச்சும் ஒத்துவரவில்லை. ஆகவே இது பாஸுக்காகச் செய்துகொண்ட போலிக் கல்யாணம்.

திலீப் என் பக்கம் திரும்பினான். அன்று அவன் விடியற்காலையே பஸ் எடுக்கப் போயிருந்தான். அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள் என்று மட்டும்தான் அவனிடம் நான் சொல்லியிருந்தேன்.

"நீயாம்மா?" என்றான்.

நான்தான். ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். சிங்கப்பூரில் எந்த மாதம் வெயில் இல்லை என்று திலீப் அப்போதே கிண்டல் செய்தான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனு நிலுவையில் இருக்கும்போது அவள் ஊருக்குப் போனால் திரும்பி உள்ளே விடுவார்களோ என்னவோ என்று பயந்து, மார்சிலிங்கில் இருக்கும் அவள் சித்தி அன்னம்மா வீட்டுக்கு அனுப்பினேன். ஒரு ஹேர்பின் விடாமல் எடுத்துக்கொண்டு போகச் சொன்னதும் நான்தான். எதையாவது விட்டுப் போனால், அதைக் கொடுக்கிறேன் என்று சாக்குச் சொல்லி என் மகன் தினமும் அங்கே போய் நிற்பான்.

அன்று வாசலில் ஒரு சீனப் பெண்ணும் ஒரு தமிழ்ப் பையனும் நின்றார்கள். அந்தப் பையன்தான் சுரேந்தர். உங்கள் மருமகள் எங்கே என்று அவன் தமிழிலேயே கேட்டான். மகனும் மருமகளும் ஒரு மாதம் சேர்ந்து படுக்கக் கூடாது என்று பிரித்து வைத்திருக்கிறேன் என, மகன் வயதுப் பையனிடம் எந்தத் தாய்க்கு வாய் வரும்? எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. மார்க்கெட்டுக்குப் போயிருக்கா லா தம்பி என்று சொல்லிவிட்டேன். என் வாயில் சனி உட்கார்ந்திருந்தது.

இனி ஒரே வழிதான் இருக்கிறது என்றாள் அமீரா. அன்று சொன்னது பொய், கூச்சத்தில் சொன்னேன் என்று நான் சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அதிகாரியிடம் பொய் சொல்வது குற்றம். அதை நானே எழுதிக் கொடுத்தால் என்மேல் வழக்கு வரலாம். எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, யோசித்துச் செய்யுங்கள் என்றாள். திலீப் வேண்டவே வேண்டாம் என்றான். அம்மாவை உள்ளே தள்ளிவிட்டுப் பெண்டாட்டியை வரவழைத்தேன் என்று ஊர் பேசுமாம். மூன்று நாள் யோசித்தேன். பயமாகத்தான் இருந்தது. போலீஸ்காரர் கேண்டீனுக்கு வந்து, பிள்ளைகள் முன்னால் என்னை அழைத்துப் போவதுபோல் நினைத்து நினைத்து வியர்த்தேன்.

நான்காம் நாள் தர்ஷினி போன் செய்தாள். திலீப் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"உங்களுக்கு ஒரு நிமிஷம் வெக்கமா இருந்துச்சு அத்தை. எனக்கு இங்க தெருவுல இறங்கவே முடியல. புருஷன் துரத்தி விட்டுட்டானான்னு கேக்குறாங்க."

அன்று மாலையே போய்க் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. பதினெட்டு நிமிடம் அரசாங்க வக்கீலே பேசினார், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அதிகாரியிடம் பொய் சொன்னார், இப்போது அது பொய் என்று சத்தியம் செய்கிறார், இவர் பேச்சில் எதை நம்புவது என்று என்னைக் காட்டிக் கேட்டார். ஆடி வழக்கம் என்பதே விசாரணைக்காகப் பிறகு ஜோடித்த கதை என்றார். சித்தி வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை விசாரித்தீர்களா, அந்த வழக்கம் உண்மையா என்று ஒரு ஆளையாவது கேட்டீர்களா என்று அமீரா எகிறினாள். நீதிபதி பொறுமையாகத்தான் கேட்டார். கல்யாணம் உண்மையா பொய்யா என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை இல்லை, அந்தப் பெண் சொன்னது போக, அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று அதிகாரிகள் அறிந்திருந்ததாகக் காட்ட எதுவும் இல்லை, தங்கள் முன் இருந்ததை வைத்து அவர்கள் எடுத்த முடிவில் தலையிட முடியாது என்று சொல்லித் தள்ளுபடி செய்தார். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் புதிதாக ஏதாவது கையில் வேண்டும் என்று அமீரா எங்களிடம் சொன்னாள். திலீப் தர்ஷினிக்குப் போன் செய்யப் போனான்.

நான் லிஃப்ட் பக்கம் தனியாக நின்றேன். சுரேந்தர் வந்தான். அன்றைக்கு இல்லாத தாடி இப்போது இருந்தது. சாரி ஆன்ட்டி என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நம் வழக்கம் தெரியாமல் வளர்ந்த பையன், என்ன செய்வான் என்றுதான் இத்தனை நாளும் அவனைப் பாதி மன்னித்து வைத்திருந்தேன்.

"அன்னைக்கு ஆடின்னு எனக்குத் தெரியும் ஆன்ட்டி," என்றான் தாழ்ந்த குரலில். "எனக்கும் அப்பதான் கல்யாணம் ஆகியிருந்துச்சு. என் வைஃபும் பூன் லேல அவங்க அம்மா வீட்டுலதான் இருந்தா."

"பின்ன ஏன்டா எழுதல?"

டீமில் அவன் ஒருத்தன்தான் தமிழன். தன் ஆட்களுக்குச் சாதகமாக எழுதுகிறான் என்று பெயர் வந்துவிடும் என்று பயந்தானாம். நானும் மார்க்கெட் என்று சொல்லிவிட்டதால் விட்டுவிட்டானாம். மனசு கேட்கவில்லை, அதனால்தான் சொல்ல வந்தேன் என்றான். சொல்லிவிட்டுப் பாரம் இறங்கியவன்போல் நின்றான். அவனை அங்கேயே அறைந்திருப்பேன். பத்து மாதம் ஒரு பெண் தலை குனிந்து கிடக்க, இவன் தன் பெண்டாட்டியை ஆவணியில் வீட்டுக்கு அழைத்து வந்து சுகமாக இருந்திருக்கிறான்.

"அமீரா, இங்க வாம்மா," என்று உரக்கக் கூப்பிட்டேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். திலீப்பும் ஓடி வந்தான். என்ன விஷயம் என்று அமீரா கேட்டாள்.

சுரேந்தர் முந்திக்கொண்டான். "நத்திங் மேம். ஆன்ட்டி டாய்லெட் எங்கன்னு கேட்டாங்க, காட்டினேன்."

கண் இமைக்காமல் சொன்னான்.

"பொய் சொல்றான்மா, இப்ப எங்கிட்ட வேற சொன்னான்," என்றேன். "எனக்குத் தெரியாதா? நானும் இப்படித்தான் சொன்னேன்."

அமீரா அவனை ஒன்றும் கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நோட்டைத் திறந்தாள். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள் ஆன்ட்டி, நீங்கள் இன்னொரு சத்தியப் பத்திரம் போட வேண்டியிருக்கும் என்றாள். லிஃப்ட் வந்து நின்றது, சுரேந்தர் ஏறவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபடி, அங்கிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, ஆடியில் நம் வீடுகளில் புருஷனையும் பெண்டாட்டியையும் ஏன் பிரித்து வைப்பார்கள் என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.