மேகத்துக்கு வெளியே ஒரு புள்ளி

எங்கள் அறைக்கு ஒரே ஜன்னல். அந்தக் கண்ணாடிதான் அன்று எங்களுக்குக் கம்ப்யூட்டர் திரை என்றால் என் மாணவர்கள் நான் கதை அளப்பதாக நினைப்பார்கள். பக்கத்து மேசையில் ஒட்டடை இருந்தான். ஒட்டடைக்குச்சி மாதிரி நீளமான ஆள், அதனால் அந்தப் பெயர். இருவரும் ஒரே மேகத்தை ஆராய்ந்தோம். கண்ணுக்கு அது வானத்தில் வெறும் கருப்புத் திட்டு. வாயு எங்கே அடர்ந்திருக்கிறது என்று என் ரேடியோ அலைகள் சொல்லும். தூசிக்குள் எது சூடாகிறது என்று அவனுடைய அகச்சிவப்பு சொல்லும். அடர்த்தியும் சூடும் ஒரே இடத்தில் இருந்தால் அங்கே ஒரு நட்சத்திரம் பிறக்கிறது.

அவனுக்கு ஒரு சூடான புள்ளி கிடைத்தது. தலைகால் புரியாமல் மாடி முழுக்க டீ வாங்கிக் கொடுத்தான். இரண்டு வரைபடங்களையும் கண்ணாடித் தாளில் அச்செடுத்தோம். ஓரத்து எழுத்துகளை வெட்டிவிட்டு, மூலைக்கு மூலை வைத்து, ஜன்னலில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினோம். புள்ளி மேகத்துக்கு வெளியே நின்றது.

அது மேகத்தோடு சம்பந்தமில்லாத ஏதோ கிழட்டு நட்சத்திரம், இதை வைத்து ஆய்வை நீட்டிக்க முடியாது என்றார் பேராசிரியை. ஊரில் அவன் அண்ணன் அவனுக்கு ஒரு சிமென்ட் கம்பெனியில் வேலை பார்த்து வைத்திருந்தார். புள்ளி உள்ளே இருந்தால் இங்கேயே இருப்பேன் என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தவன், வேறு வழியில்லாமல் அண்ணனிடம் சரி என்றான். அவன் இடம் வேறொருவனுக்குப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் புள்ளியையே திட்டினேன்.

கிளம்புகிற அன்று காலையில் ஜன்னலைக் காலி செய்தோம். மேலே இருந்த என் தாள் சுத்தமாக வந்தது. அடியில் இருந்த அவன் தாளை உரித்தால் மை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அச்சுப் பக்கம் எங்களைப் பார்த்தல்லவா இருக்க வேண்டும்?

"டேய், இதத் திருப்பி ஒட்டியிருக்கோம்டா" என்றேன்.

தாளைப் புரட்டி என் தாளுக்கு அடியில் வைத்தான். மேகத்தின் அடர்ந்த இடத்தில் புள்ளி கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அவன் சிரித்தான். அப்புறம் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதான்.

மேடத்திடமும் அண்ணனிடமும் நான் பேசுகிறேன் என்றேன்.

"வேணாம். என் இடத்துக்கு வர்றவன் வீட்டுலேர்ந்து கிளம்பிட்டான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவனத் திருப்பி அனுப்பறது? நீ எழுது. என் பேர மொதல்ல போடு."

போட்டேன். அவன் பெயரில் வந்த ஒரே கட்டுரை அதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ தொலைநோக்கிகள் அந்த நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டன. இப்போது படங்களைக் கம்ப்யூட்டரே பொருத்திவிடுகிறது, ஒட்டவும் வேண்டாம், உரிக்கவும் வேண்டாம். எனக்கோ அந்த அறையும் அவன் சளசளப்பும்தான் வேண்டியிருக்கிறது.

போன வாரம் ஒரு மாணவி அந்த நட்சத்திரத்தைப் பற்றிப் பேச வந்தாள். இந்தத் துறையில் எல்லோரையும்போல அவளும் அதை அவன் பெயரால்தான் சொன்னாள்.

"அவர் இப்ப எங்க இருக்கார் மேடம்?"

சிமென்ட் விற்கிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கேதான் இருந்திருக்க வேண்டியவன் என்றேன்.