வால்வில் கால் சுற்று

கண்ணாடிக் கடையில் லென்சு தேய்க்கிறவளும் அவள் கணவரான லிஃப்ட் மெக்கானிக்கும் கடலுக்கடியில் முக்குளிக்கக் கற்றுக்கொள்ளப் போனது கல்யாணமாகிப் பதினாறாவது வருஷத்தில். ஆசைப்பட்டது அவர். தேறியது அவள்.

நீச்சல் குளத்தில் முதல் வாரமே அது தெரிந்துவிட்டது. முகக்கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். அவள் ஒரே தடவையில் செய்தாள். அவர் பதினோரு தடவை இருமினார்.

"அண்ணே, மூக்கைக் கரையிலேயே கழட்டி வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றார் பயிற்சி கொடுத்த மாஸ்டர்.

அவரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பன்னிரண்டாவது தடவை செய்து காட்டினார். மெதுவாக வந்தாலும் வந்து சேர்கிற மனிதர். முக்குளிப்புக்கான முதல் தகுதி அட்டையை இருவரும் ஒரே நாளில் வாங்கினார்கள். அதற்குப் பிறகு அவள் மளமளவென்று ஏறிப்போனாள்: இரண்டாவது அட்டை, மீட்புப் பயிற்சி, அடுத்து மாஸ்டருக்கு உதவியாளராக ஆவதற்கான சிபாரிசுக் கடிதம். மாதக் கடைசியில் அனுப்புவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். கணவருக்கு இரண்டாவது அட்டைக்கே ஒரு ஆழ முக்குளிப்பு பாக்கி இருந்தது. அதற்கு ஜோடியாக அவளே போனாள்.

இறங்குமுன் ஜோடியின் சாமான்களைச் சரிபார்ப்பது முறை. காற்று உருளையின் வால்வை முழுக்கத் திறந்து, பிறகு கால் சுற்று பின்னால் திருப்பி வைப்பது அந்த மாஸ்டரிடம் படித்தவர்களின் வழக்கம். அன்றைக்குப் படகுக்காரர் எல்லா வால்வுகளையும் முன்கூட்டியே திறந்து வைத்திருந்தார். அது அவளுக்குத் தெரியாது. கணவரின் முதுகுப்பக்கம் நின்று வால்வில் கை வைத்த நேரத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "டீச்சர், என் பெல்ட் சரியா இருக்கா பாருங்களேன்," என்றாள். யாரும் அவளை டீச்சர் என்று கூப்பிட்டதே இல்லை. உச்சி குளிர்ந்துபோய்த் திரும்பிப் பதில் சொன்னாள். கை மட்டும் தன்பாட்டுக்கு வால்வை அது சுழன்ற பக்கமாக முட்டுகிறவரை திருப்பி, கால் சுற்று பின்னால் கொண்டுவந்தது.

"திறந்தாச்சு. ஊதிப் பாருங்க."

அவர் இரண்டு மூச்சு இழுத்தார். "நல்லா வருது."

இருபத்துநாலு மீட்டர் ஆழத்தில் வரவில்லை. காற்றில்லை என்று, கழுத்துக்குக் குறுக்கே கையால் அறுப்பதுபோல் காட்டினார். கூட இறங்கியிருந்த மாஸ்டர் அவருடைய காற்றுமானியை எடுத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் காற்று இருந்தது. நிதானம், நிதானம் என்று கையால் அமர்த்தினார். அதற்குள் அவர் தன் வாய்க்குழாயைத் துப்பிவிட்டு மனைவியின் வாயிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டார். அவள் தன் உபரிக் குழாயைக் கவ்விக்கொண்டாள். மாஸ்டர் இருவரையும் பிடித்து, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி மேலே கொண்டுவந்தார். ஆழம் குறையக் குறைய அவருடைய சொந்தக் குழாயிலேயே காற்று தாராளமாக வந்தது. அவர்மேல் தப்பு என்று முடிவுகட்ட மற்றவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

"காத்து வரல மாஸ்டர், சத்தியமா வரல," என்றார் படகில், பல் கிட்ட.

"அண்ணே, உருளையில பாதிக்கு மேல காத்து இருக்கு. பயம் வந்தா அப்படித்தான் தோணும். எல்லாருக்கும் இது ஒத்துவராது, விடுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார்.

"டென்ஷன் ஆயிட்டீங்கங்க," என்றாள். அந்த நேரத்தில் அதை நம்பித்தான் சொன்னாள். பிறகு அவருடைய உருளையைக் கழற்றினாள். முழுக்கத் திறந்த வால்வை மூடப் பல சுற்று சுற்ற வேண்டும். கால் சுற்றிலேயே முட்டி நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. உருளையை வரிசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மாஸ்டரின் சிபாரிசுக் கடிதம் போகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். வீட்டில் மகள், "அப்பா, குளிக்கப் போறீங்களா, துணைக்கு வரட்டுமா?" என்று கிண்டலடித்தாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளைக் குத்தியது. வேலையில் லிஃப்ட் குழிக்குள் இறங்க நேர்ந்தால் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. இருபது வருஷம் கம்பியைப் பிடித்துத் தொங்கியவர், சுவரைத் தடவிக்கொண்டு நின்றாராம். கூட வேலை பார்ப்பவர் அவளிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் அவர் ஒரு வெள்ளைத் தாளை அவள் முன்னால் வைத்தார்.

"உன் கையெழுத்து நல்லாருக்கும். மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடு. ஸ்டோர் ரூமுக்கு மாத்தச் சொல்லி."

"எதுக்குங்க?"

"எழுது, சொல்றேன். 'ஐயா, நான் பயந்த சுபாவம் உள்ளவன் என்பதை அண்மையில் உணர்ந்தேன். என்னை நம்பி இன்னொருவர் குழிக்குள் இறங்குவது...'"

அவள் 'ஐயா, நான்' வரைக்கும் எழுதினாள். பேனா நகரவில்லை.

"என்ன, மை தீந்துடுச்சா?"

"நீங்க பயப்படலங்க. ஏற்கெனவே திறந்திருந்த வால்வை, திறக்கிறதா நெனச்சு நான்தான் மூடிட்டேன்."

அவர் கத்தவில்லை. பழுதான இயந்திரத்தைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டார்: எந்தப் பக்கம் திருப்பினாய், எங்கே முட்டியது, எவ்வளவு பின்னால் கொண்டுவந்தாய். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் காற்றில் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ம். அந்தக் கால் சுத்து மேல ரெண்டு மூச்சுக்குப் போதும். கீழ பத்தாது." நெடுநேரமாக அடைத்திருந்ததை விடுவதுபோலப் பெருமூச்சு விட்டார். பிறகு, "எப்பத் தெரிஞ்சுச்சு உனக்கு?" என்றார்.

"அன்னிக்கே. படகுலயே, கழட்டும்போது."

"இருபது நாளு."

"மாஸ்டரோட லெட்டர் போயிடட்டும்னு..."

"வால்வு தப்பு யாருக்கும் வரும். நானே வயரை மாத்தி மாட்டியிருக்கேன்," என்றார். "ஆனா நம்ம பொண்ணு துணைக்கு வரவான்னு கேட்டப்போ, நீ சாம்பார் ஊத்திட்டு இருந்தே."

அவர் போனை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

மாஸ்டரிடம் முழுவதையும், இருபது நாளையும் சேர்த்து, சொல்லி முடித்தாள்.

"நானும் வால்வைப் பாத்திருக்கணும்க்கா. நீங்க பாத்ததாச்சேன்னு விட்டுட்டேன்," என்றார் மாஸ்டர். "கடிதம் இந்த வருஷம் வேணாம். உங்களுக்கே புரியும்."

"புரியுது மாஸ்டர்."

"அண்ணன்கிட்ட நான் நேர்ல வந்து மன்னிப்புக் கேக்குறேன். அடுத்த சனிக்கிழமை திரும்ப இறங்குவாரான்னு கேளுங்க. ஜோடிக்கு நீங்க வர்றீங்களா?"

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு கணவரைப் பார்த்தாள். அவர் எழுதி முடிக்காத தாளை நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

"இறங்குறேன்னு சொல்லு," என்றார். "கூட மாஸ்டரே வரட்டும்."

அவள் போனைக் காதுக்குக் கொண்டுபோய், ஒரு வார்த்தை மாற்றாமல், அதை அப்படியே சொன்னாள்.